டீசல் கணக்கு

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு - இந்த மூன்று ஊர்களில் எந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாலும் சரி, ஐந்து நிமிஷத்துக்குள் பேச்சு லாரிக்கு வந்துவிடும். பத்தாவது நிமிஷத்தில் டீசலுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்களாக எழுந்து வந்தால்தான் உண்டு!

"நீர் பி.காம். படித்தவர்தானே? போய் அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வாரும்" என்று ஆசிரியர் என்னை அனுப்பி வைத்தார். போனேன், பார்த்தேன். கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு அல்ல அது. லாரிக்காரர் சமாசாரம் நமக்கு எதற்கு என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் வீட்டுத் துவரம் பருப்பு நடந்தா வந்தது?

முதலில் கொஞ்சம் பெருக்கல் வகுத்தல். பாரம் ஏற்றிய பெரிய லாரி ஒன்று லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் 2,500 லிட்டர் டீசல். அதே லாரி நாலேகால் கிலோமீட்டர் ஓடினால் 2,353 லிட்டர் போதும். மிச்சம் 147 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று போட்டாலும் மாதம் 13,230 ரூபாய்! பத்து லாரி வைத்திருப்பவர் அந்தக் கால் கிலோமீட்டரை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக் கொள்வதில் ஆச்சரியம் என்ன? டீசல் விலைக் கட்டுப்பாட்டை 2014 அக்டோபரில் சர்க்கார் கைவிட்டது. 2017 ஜூன் முதல் தினந்தோறும் விலை மாறலாம் என்றும் ஏற்பாடாயிற்று. வாடகையோ முன்கூட்டியே பேசி முடித்தது. நடுவில் மாட்டிக் கொண்டு முழிப்பவர் லாரி முதலாளி.

இந்தக் கால் கிலோமீட்டரைப் பிடிக்க முதலாளிகள் பலர் கையாளும் வழி வெகு சுலபமானது. இந்த நடைக்கு இத்தனை கிலோமீட்டர், லிட்டருக்கு இவ்வளவு, ஆகவே இவ்வளவு டீசல். அதற்கு மேல் செலவானால் டிரைவருடைய பேட்டாவில் பிடித்தம். தீர்ந்தது விஷயம்!

காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் காகிதத்தில் மேடு கிடையாது, எதிர்காற்று கிடையாது, சரக்கு இறக்க வந்த இடத்தில் அரை நாள் வரிசையில் நிற்பதும் கிடையாது. பிடித்தத்துக்குப் பயந்த டிரைவர், தன் பேட்டாவைக் காப்பாற்றிக் கொள்ள ஏதாவது வழி தேடுகிறார். அப்படித் தேடுகிற வழிகளில் ஒன்று தொப்பூர்க் கணவாயில் கொண்டு போய் விடுகிறது.

தருமபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர் தெரிந்திருக்கும். சாலை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிறது. அங்கே நடந்த லாரி விபத்துக்கள் கொஞ்ச நஞ்சமல்ல. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை உருளவிடுவது அவற்றுக்கு ஒரு முக்கிய காரணம் என்று போலீஸார் பல காலமாக எச்சரித்து வருகிறார்கள். சிலர் இஞ்சினையே அணைத்து விடுவதும் உண்டாம்.

ஓசூரிலிருந்து சேலம் வந்த ஒரு லாரியில், டிரைவர் பக்கத்து ஆசனத்தில் நானும் அந்த இறக்கத்தில் வந்தேன். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்தார். வண்டி 'உர்'ரென்று உறுமிக் கொண்டு, பொறுமையாக இறங்கியது. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அலறவிட்டார். இவர் கண்டு கொள்ளவேயில்லை.

"ஏனுங்க, நியூட்ரல் போட்டால் டீசல் மிச்சம் என்கிறார்களே?" என்று கேட்டேன்.

"நானும் பத்து வருஷம் அப்படித்தானுங்க நினைச்சிட்டிருந்தேன்" என்றார்.

விஷயம் இதுதான். கியரிலேயே வைத்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், இறக்கத்தில் சக்கரமே இஞ்சினைச் சுழற்றுகிறது. அப்போது இஞ்சினுக்கு டீசல் போவது நின்று விடுகிறது. நியூட்ரலில் போட்டாலோ, இஞ்சின் அணைந்து போகாமலிருக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கொண்டேயிருக்கும். ஆக, மிச்சம் என்று நினைத்தது செலவு! அது மட்டுமா? இஞ்சின் பிடிமானம் போய்விடுவதால் முழுப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. அழுத்தி அழுத்தி டிரம் பழுக்கக் காய்ந்தால் பிரேக் பிடிக்காது. இஞ்சினையே அணைத்தால் இன்னும் மோசம். பிரேக்குக்குக் காற்றை நிரப்புவதே இஞ்சின்தான். அழுத்த அழுத்த இருக்கிற காற்றும் தீர்ந்து விடும்.

அந்த லாரியின் முதலாளியைச் சங்ககிரியில் சந்தித்தேன். பன்னிரண்டு லாரிகள் வைத்திருக்கிறார். அவருடைய வண்டி ஒன்று சில வருஷங்களுக்கு முன் அதே இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஓரத்துச் சுவரில் உராய்ந்து நின்றதாம். தெய்வாதீனமாக உயிர்ச் சேதமில்லை.

"என்னத்துக்கப்பா நியூட்ரல் போட்டேன்னு கேட்டேனுங்க. 'நீங்க பேட்டாவைப் பிடிப்பீங்களே'ன்னான். எனக்குப் பதில் வரலீங்க, தம்பி" என்றார்.

அன்றோடு பிடித்தத்தை எடுத்து விட்டார். இப்போது ஒவ்வொரு லாரிக்கும் ஒரு நோட்டு. டேங்கை விளிம்பு வரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்து, மறுபடி விளிம்பு வரை நிரப்புகிறார்கள். மலைப் பாதைக்கு ஒரு கணக்கு, சமவெளிக்கு ஒரு கணக்கு. பாரத்துக்கு ஒன்று, காலி வண்டிக்கு ஒன்று. ஒரு டிரைவரை இன்னொரு டிரைவரோடு ஒப்பிடுவதில்லை. அதே வண்டி, அதே பாதையில் முன்பு குடித்ததற்கும் இப்போது குடிப்பதற்கும்தான் ஒப்பீடு. மிச்சமானால் அதில் மூன்றில் ஒரு பங்கு டிரைவருக்கு, மாதம் பிறந்ததும் கையில் ரொக்கமாக.

பங்கு என்று வந்த பிறகு டிரைவர்களுக்கே யோசனைகள் வர ஆரம்பித்தன! 80 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தவர்கள் 60-க்கு இறங்கினார்கள். காற்றைக் கிழித்துக் கொண்டு போக 80-ல் வேண்டிய உந்து, 60-ல் வேண்டியதைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. (1978-ல் ஏற்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனம் என்று சொல்லி வந்திருக்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் அப்படிப் போனால் கிடைக்கும் வசவுக்குச் சங்கம் பொறுப்பில்லை.) வரிசையில் நிற்கும்போது இஞ்சினை அணைத்தார்கள். டயர்க் காற்றைக் கிளீனரை நம்பி விடாமல் தாங்களே பார்த்தார்கள். படபடவென்று அடித்துக் கொண்டிருந்த தார்ப்பாய்கள்கூட இறுகக் கட்டப்பட்டன.

சென்ற மாதம் ஒரு வேடிக்கை. நன்றாக ஓடிக் கொண்டிருந்த ஒரு லாரி திடீரென்று லிட்டருக்கு அரை கிலோமீட்டர் குறைந்து விட்டது. பழைய காலமாயிருந்தால் டிரைவர் டீசலை விற்று விட்டார் என்று பழி வந்திருக்கும். இந்தத் தடவை டிரைவரே நோட்டைத் தூக்கிக் கொண்டு முதலாளியிடம் ஓடி வந்தார். பட்டறையில் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். பின் சக்கரம் ஒன்றில் பிரேக் விடாமல் பிடித்துக் கொண்டேயிருந்திருக்கிறது!

டிரைவர்கள் இப்போது பாதிப் பங்கு கேட்கிறார்கள். மூன்றில் ஒன்றுக்கு மேல் கட்டுபடியாகாது என்கிறார் முதலாளி. நான் புறப்பட்டபோது மூன்றாவது டம்ளர் டீ வந்திருந்தது, பேச்சு முடிந்தபாடில்லை.