பின்வாசல் எறா

கடற்கரைப் பக்கம் கூட்டத்துக்கு வருகிற தோழர்கள் பை வைத்ததும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இங்க நல்ல மீன் சாப்பாடு எங்க கெடைக்கும் தோழர்?" எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் கேட்கிற கேள்வியா என்று நான் கோபப்படுவதில்லை. கடலூர் முதுநகர் தொடங்கி அன்னங்கோயில், முடசல்ஓடை, பழையாறு, தரங்கம்பாடி, நாகப்பட்டினம் வரைக்கும் இயக்க வேலையாக அலைந்தவன் நான். எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக்கூடாது என்பது எனக்கு அத்துப்படி.

முதலில் மீன் விஷயம். கடைக்காரரிடம் "இன்னைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு சார், வஞ்சிரம், வவ்வால், எறா" என்றால் அது ஐஸ் பெட்டியில் கிடக்கிற மீன். "காரப்பொடிதான் வந்துச்சி, கொஞ்சம் சங்கரா கெடக்கு" என்று இழுத்தால் தைரியமாக உட்காருங்கள். மீன் ஏலம் விடுகிற இடத்தில் கூடை தூக்குகிறவர்கள் எங்கே சாப்பிடுகிறார்களோ அங்கே போங்கள். அந்தக் கடைக்குப் பலகை இருக்காது. மூன்று மணிக்கு மேல் சோறும் இருக்காது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2001இல் 45 நாளாக வந்தது, 2017 முதல் 61 நாள். அந்த நாட்களில் கட்டுமரமும் நாட்டுப்படகும் கொண்டு வருவதுதான் பச்சை மீன். அப்போது வஞ்சிரம் கேட்டு அடம்பிடிக்காதீர்கள். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு கிடைத்தால் சாப்பிடுங்கள். உப்பங்கழி மடவையும் கிடைக்கும்.

இது எல்லோருக்குமான கணக்கு. எங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே இரண்டு மைல் போய்விட்டால், இலை போடுகிறவரே கேட்பார், "தம்பி எந்த ஊரு? ஊர்லயா, காலனியா?" தீண்டாமையை ஒழித்துவிட்டதாக அரசியல் சட்டம் 1950லேயே சொல்லிவிட்டது. உணவுக்கடையில் இடம் மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சாப்பிடுகிற சோறு தொண்டையில் இறங்காது.

அம்மா வெள்ளாற்றுக் கழியில் எறா தடவியவள். வயலில் வேலை இல்லாத நாட்களில் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவித் தடவிப் பிடிப்பாள். படகு கிடையாது, வலை கிடையாது. கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிக் கிடக்கும். பிச்சாவரம் பக்கம் இருளர் சனங்கள் இன்றைக்கும் இப்படித்தான் பிழைக்கிறார்கள்.

பெரிய எறாவையெல்லாம் ஒரு ஓட்டலுக்குக் கொண்டுபோவாள். லீவு நாட்களில் நானும் கூடப் போவேன். எங்களுக்குப் பின்வாசல்தான். எடை போடுகிறவர் காசைக் கையில் தரமாட்டார், துவைகல்லின் மேல் வைப்பார். உள்ளேயிருந்து எறா வறுக்கிற வாசனை வரும்.

"நாமளும் உள்ள போயி சாப்புடலாமாம்மா?"

"நான் தடவுன எறாதாண்டா அது. ஊட்டுக்கு வா, பொடி கெடக்கு, வறுத்துத் தர்றேன்."

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கழியில் மண் மூடிப் போச்சு. அம்மாவுக்குப் பிழைப்பு போச்சு. கணக்கெடுக்க வந்தவர்கள் "படகு உண்டா, வலை உண்டா?" என்று கேட்டார்கள். கையையும் பறியையும் எந்தப் பாரத்தில் எழுதுவது? பல ஊர்களில் தலித்துகளும் இருளர்களும் இப்படித்தான் நிவாரணக் கணக்கில் விடுபட்டார்கள்.

முதல் சம்பளம் வாங்கியதும் அம்மாவை அதே ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி முன்வாசலுக்கு வந்து திரும்பிப் பார்த்தால் அம்மா இல்லை. சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்வாசலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "பழக்கம்டா, காலு தானா வந்துடுச்சி" என்றாள்.

உள்ளே யாரும் எதுவும் கேட்கவில்லை. எறா வறுவல் வந்தது. ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "நேத்து எறா" என்றாள். இரண்டு தின்றுவிட்டு மீதியை என் இலைக்குத் தள்ளினாள். பில் வந்ததும் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். வீடு வந்து சேரும்வரை அவள் பேசவில்லை. ராத்திரி படுக்கும்போதுதான் சொன்னாள், "பறி நெறையக் குடுத்தாலும் அவன் அந்தக் காசு குடுத்ததில்லடா."

இப்போது தோழர்கள் வந்தால் மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், எங்கள் சனத்து அக்கா ஒருத்தி வைத்திருக்கிற கீற்றுக்கொட்டகைக்குத்தான் கூட்டிப் போகிறேன். குழம்பில் காரம் கொஞ்சம் தூக்கல். கூடைக்காரப் பெண்களும் ஐஸ் உடைக்கிறவர்களும் எறா தடவிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். எறா கொண்டு வருகிறவர்களுக்கு அக்கா காசைக் கையில்தான் கொடுக்கிறாள். அம்மா அங்கே மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

நீங்களும் கடை தேடுவீர்கள். மீனின் கண்ணையும் செவுளையும் பாருங்கள், தப்பில்லை. பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அப்படியே பின்வாசலில் யார் நிற்கிறார்கள் என்று ஒருதடவை எட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.