வாதுமை இலை

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு இருக்கும் தெருவில் வீட்டு நம்பரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. "வாதுமை மரத்து வீடு" என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கொண்டு வந்து விட்டுவிடும். அந்தக் குழந்தைகள் வாதுமைப் பழத்தைக் கடித்துத் துப்பிவிட்டு, கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பு தின்பதற்கு எங்கள் வாசற்படிதான் சௌகரியம்.

மரத்தின் அழகைப் பற்றி மற்றவர்கள் பேசலாம். வாசல் பெருக்குகிறவளுக்கு அல்லவா தெரியும் அதன் சேதி! குளிர் தேசங்களில் செப்டம்பர், அக்டோபரில் காடு முழுவதும் மஞ்சளும் சிவப்புமாக மாறுவதைப் பார்க்கவே ஜனங்கள் குடும்பத்தோடு பிரயாணம் போகிறார்கள். நம் சென்னையில் அந்த வைபவம் கிடையாது. ஆனால் மழை ஓய்ந்து தை பிறந்ததும் எங்கள் வாதுமை மட்டும் சத்தம் போடாமல் சிவக்கும். ஒரு சாண் நீள இலைகள், ஒவ்வொன்றும் குங்குமத்தில் தோய்த்தாற்போல. நான் கோலம் போட்டு நிமிர்வதற்குள் கோலத்தின் மேல் நாலு இலை விழுந்து கிடக்கும். அதோடு விட்டதா? அநேகமாக வருஷத்தில் இன்னொரு தடவையும் உதிர்த்து வைக்கும். முப்பது வருஷமாக அதோடு சண்டை போட்டுக்கொண்டேதான் பெருக்கி வந்தேன்.

2016 டிசம்பர் 12-ந் தேதி 'வர்தா' புயல் சென்னையைத் தாக்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மணிக்கு நூறு கிலோ மீட்டருக்கு மேல் காற்று. ஊரில் ஆயிரக் கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்தன. எங்கள் மரம் தப்பியது. ஆனால் தெருப்பக்கத்துக் கிளை ஒன்று முறிந்து, விழாமல், பட்டையில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. அடுத்த சில நாட்கள் தெருவில் மின்சாரம் கிடையாது. வீட்டில் எல்லோரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடத்தில் உட்கார்ந்து பேசிக் கொண்டிருந்தோம். என் பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் இவ்வளவு நேரம் என்னோடு உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட.

அந்தச் சந்தோஷம் பொங்கலோடு சரி. கனுவுக்கு மறுநாள் காலை, காப்பி குடித்த டம்ளரைக் கீழே வைக்காமலே பிள்ளை சொன்னான்:

"அம்மா, நீ கோபிச்சுக்கக் கூடாது. சோழிங்கநல்லூர்ல ஆபீசுக்குப் பக்கத்திலே ஒரு ஃபிளாட் பார்த்திருக்கோம். தினம் போக வர மூணு மணி நேரம் ஆயிடறது."

நான் கோபித்துக் கொள்ளவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். பேசுவதை நிறுத்தி விட்டேன். "பையனுக்குத் தூரம்தானே!" என்றார் என் கணவர். தூரம் எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்த காரணம் வேறு. பொங்கலன்று மாட்டுப்பெண் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றி வைத்திருந்தாள். மேல் தட்டிலிருந்த சர்க்கரை, காப்பிப் பொடியெல்லாம் கீழே வந்து விட்டன. என் மாமியார் வைத்த வரிசை அது. அதைக் கற்றுக்கொள்ள எனக்கே ஒரு வருஷம் ஆயிற்று. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமல், அவள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே, எல்லாவற்றையும் பழையபடி எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் ஃபிளாட் பேச்சு வந்தால் நான் என்ன நினைப்பேன்?

அந்த மாசம் முழுவதும் என் கோபத்தை வாசலில்தான் தீர்த்துக் கொண்டேன். ஒரு நாள் பெருக்கிக் கொண்டிருந்தபோது எதிர்வீட்டு டீச்சர் வந்து நின்றார். கல்லூரியில் தாவர இயல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். முறிந்த கிளையைக் காட்டி, "மாமி, ஒரு வேடிக்கை பார்த்தீர்களா?" என்றார்.

பார்த்தேன். மரம் முழுவதும் இலைகள் சிவந்து, தொட்டால் உதிர்கிற பக்குவத்தில் இருந்தன. முறிந்து தொங்கிய கிளையிலோ இலைகள் பழுப்பேறிச் சருகாய்ச் சுருண்டிருந்தன. ஆனால் ஒன்றுகூட விழவில்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். காம்போடு வராமல் நாராகக் கிழிந்தது.

"செத்த கிளைக்கு இலையை விடத் தெரியாது மாமி. உதிர்ப்பது உயிர் இருக்கிற மரத்தின் வேலை" என்றார் டீச்சர்.

பிறகு வாசற்படியில் உட்கார்ந்து விளக்கினார். காற்று வந்து இலையைப் பிய்த்துக்கொண்டு போவதாகத்தான் நாம் நினைக்கிறோம். உண்மையில் பல நாட்களாக மரம் அதற்குத் தயார் செய்கிறதாம். முதலில் இலையில் இருக்கும் சத்தில் முடிந்தவரை கிளைக்குத் திருப்பி எடுத்துக் கொள்கிறது. பச்சை போனதும், அதற்கு அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்போ முன்பே இருந்ததல்ல. இலை தன் கடைசி நாட்களில் புதிதாக உண்டாக்கிக் கொள்வது. அதன் பிறகு காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய படலம் ஒன்று தளர்ந்து கொடுக்கிறது. மாங்காயைப் பழுக்க வைக்கிற எதிலீன் என்கிற வாயு இருக்கிறதே, அதற்கு இதிலும் பங்கு உண்டாம். விடுபடும் இடத்தில் தக்கை போல ஒரு பூச்சுப் பூசி மரம் தன் காயத்தையும் மூடிக் கொள்கிறது. இவ்வளவும் ஆன பிறகு ஒரு சின்னக் காற்று போதும்.

"நுனியைப் பாருங்கள்" என்று ஒரு தாழ்ந்த கொம்பை வளைத்துக் காட்டினார். பழுத்த இலைகளுக்கு நடுவே துளிருக்கான மொட்டு முன்பே வந்து காத்திருந்தது.

டீச்சர் போன பிறகும் துடைப்பத்தைக் கையில் வைத்துக் கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளை வளர்க்கிற இருபத்தெட்டு வருஷத்தில் என் சத்து எல்லாவற்றையும் அந்த ஓர் இலையிலேயே வைத்து விட்டேன். கல்யாணத்துக்கு முன் வீணை வாசித்தவள் நான். அவனுக்குப் பரீட்சை, அவனுக்கு ஜுரம், அவனுக்கு இண்டர்வியூ என்று அது பரண் ஏறியது. அவன் கிளம்பினால் எனக்கென்று என்ன மிஞ்சும் என்ற பயத்தைத்தான் டப்பாவின் மேல் கோபமாகக் காட்டினேன் போலிருக்கிறது.

அன்றைக்கே ஞானம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். மரத்துக்கே பல நாள் வேண்டியிருக்கும்போது நான் எம்மாத்திரம்! பிள்ளையிடம், "சித்திரை பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்துப் போகலாம்" என்று மட்டும் சொன்னேன். மாசியில் வீணையைப் பரணிலிருந்து இறக்கி, தந்தி மாற்றக் கொடுத்தேன். விரல்கள் முதலில் கேட்கவே இல்லை.

பங்குனியில் ஒரு நாள், அவர்கள் கொண்டு போகவேண்டிய பாத்திரங்களை ஒதுக்கிக் கொண்டிருந்தபோது மாட்டுப்பெண்ணிடம், "பொங்கலன்று நான் அப்படிச் செய்திருக்கக் கூடாதம்மா" என்றேன். அதைச் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்து விட்டது.

அவள் ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மேல் தட்டு எட்டலைம்மா. ஒவ்வொரு தடவையும் ஸ்டூல் போட வேண்டியிருந்தது. உங்ககிட்டே கேட்டுட்டு மாத்தியிருக்கணும்."

எட்டவில்லை! மூன்று மாசமாக நான் மனத்துக்குள் கட்டிய கோட்டை ஒரு ஸ்டூல் உயரம்தான்.

சித்திரையில் புது வீட்டில் பால் காய்ச்சப் போனோம். திரும்பி வந்ததும் அழத்தான் செய்தேன். அழாமல் இருந்தேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. காம்பு விடுபட்ட இடத்தில் மரத்துக்கும் ஒரு தழும்பு இருக்கிறதே! முறிந்த கிளையை ஆள் வைத்து அறுத்து விட்டோம். மற்ற கிளைகளில் துளிரெல்லாம் இலையாகி வாசல் நிழலாகியிருந்தது.

அன்று பால் காய்ச்சிய கையோடு, அவளுடைய சமையலறையைப் பார்த்தேன். சர்க்கரையும் காப்பிப் பொடியும் அடுப்பு மேடைக்கு அருகே, அவள் கைக்கு எட்டுகிற தட்டில் இருந்தன. உப்பு ஜாடியோ அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி இருந்தது. அடுப்பருகில் அல்லவா இருக்க வேண்டும்? என் கை பரபரத்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக் கொண்டு, "எனக்கும் ஒரு வாய் காப்பி கொடும்மா" என்று கேட்டு விட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.