ஆறு மாதம் காத்திருந்தேன்

அந்த ஃபோல்டரை அழித்தது நான்தான். மாணவி சரியாக ஏற்றாததால் அது போகவில்லை. உதவியாளர் கை தவறியும் போகவில்லை. ஆனேக்கல் பக்கத்து செல்போன் டவர்மேலும் குற்றமில்லை. ஆனால் மூன்று பேர்மேலும் பழி விழுந்தது, விழும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். டவரையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்கிறேன், அதன்மேல் பழியைப் போட்டது நானே என்பதால்.

ஆனேக்கல் வட்டத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். வீடு ஓசூரில். அத்திப்பள்ளியில் மாநிலம் மாறும், வேலை மாறாது. பகலில் கேம்பஸ் கணினியில் திறந்த ஃபைலையே இரவு வீட்டு லேப்டாப்பில் திறப்பேன், நடுவில் சந்தாபுரா நெரிசலில் பஸ் நின்றால் போனில். முன்பு இந்தச் சுகமெல்லாம் கிடையாது. துறையின் சர்வர் கேம்பஸுக்குள் மட்டும்தான் தெரியும். வீட்டிலிருந்து வேண்டுமென்றால் விபிஎன் போட்டு உள்ளே போக வேண்டும். தொல்லை என்று முணுமுணுத்தோம். விண்டோஸ் கணினிகள் ஃபைல் பகிரும் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைத்தவர்கள் 2017 மே மாதம் வான்னாக்ரை ரான்சம்வேர் வந்தபோது பட்ட பாட்டை அறிந்தவர்கள் அப்படி முணுமுணுக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எங்கள் பொருளெல்லாம் கூகுள் டிரைவுக்கு ஏறியது. கல்வி நிறுவனங்களுக்கு அப்போது அதில் இட வரம்பே இல்லை. ஒரு நிறுவனம் முழுவதற்கும் சேர்த்து 100 டெராபைட் என்ற அளவு 2022 ஜூலையில்தான் வந்தது. அதற்குள் எங்கள் கை கெட்டுப்போயிருந்தது. டிரைவில் இருக்கிறதா, போதும், வேறு நகல் எதற்கு என்று பழகிவிட்டோம்.

ஆனேக்கல் பட்டு நெசவுக்குப் பெயர்போன ஊர். என்னிடம் முதுகலை ஆய்வு செய்த மாணவி, கைத்தறியை விட்டு விசைத்தறிக்குப் போன குடும்பங்களைப் பேட்டி எடுத்து, துறையின் ஷேர்டு டிரைவில் ஒரு ஃபோல்டராக ஏற்றினாள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் கலந்து வரும் பேச்சு. அதில் ஒரு வீடியோ எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பெரியவர், கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே நெய்கிறார். இழை அறுகிறது. பேச்சை நிறுத்தி, விரல் நுனியை நாக்கில் தொட்டு, இழையை முறுக்கிச் சேர்த்து, விட்ட சொல்லிலிருந்தே மறுபடி தொடங்குகிறார். வகுப்பில் போட்டுக் காட்டலாம் என்று முழு ஃபோல்டரையும் என் லேப்டாப்பில் ஆஃப்லைனாக வைத்துக்கொண்டேன்.

கூகுள் டிரைவை லேப்டாப்பில் நிறுவினால் விண்டோஸில் அது ‘ஜி’ என்ற எழுத்தோடு இன்னொரு டிரைவாக நிற்கும், பென் டிரைவ் செருகினால் தெரிகிற மாதிரியே. ஷேர்டு டிரைவில் உள்ள ஃபைல் திறக்கும்போதுதான் கீழே இறங்கும். ஆஃப்லைன் என்று குறித்தவை மட்டும் ஹார்ட் டிஸ்கில் இடம் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஓர் இரவு டிஸ்க் நிரம்பி லேப்டாப் திணறியது. ஆஃப்லைன் குறியை எடுத்திருந்தாலே இடம் கிடைத்திருக்கும், ஃபைல்களும் மேலே பத்திரமாக இருந்திருக்கும். நான் ஃபோல்டரைப் பிடித்து டெலீட் அடித்தேன். என் நகலைத்தான் அழிக்கிறேன் என்று நினைப்பு. எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். வருகிற பெட்டிக்கெல்லாம் ஓகே கொடுத்தே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. இதற்கு வாக்குமூலம் எழுத வேண்டியதில்லை.

“சார், இன்டர்வியூ ஃபோல்டர் காணோம் சார். உங்களுக்குத் தெரியுதா?” என்று மாணவி வாட்ஸ்அப்பில் கேட்டாள். போனிலேயே டிரைவைத் திறந்து என் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். இல்லை. ஷேர்டு டிரைவுக்கென்று தனிக் குப்பைத் தொட்டி உண்டு, அழித்தது 30 நாள் அதில்தான் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாது. அந்த இரவும் அந்த ஓகேயும் ஞாபகத்துக்கு வந்தன. வயிற்றைக் கலக்கியது. பதில் எழுதினேன்: “டவர் சரியில்லாத இடத்துலேர்ந்து ஏத்தியிருப்பேம்மா. முழுசா ஏறியிருக்காது.”

அவள் நம்பினாள். கவனிக்காமல் விட்டதற்கு என்னிடம் மன்னிப்பும் கேட்டாள். அந்த வீடியோவை நான் பார்த்து ரசித்ததை அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை, அது வசதியாகப் போயிற்று. அவள் போனிலும் அசல் இல்லை. போனில் இடமில்லை என்று சொன்னபோது, “டிரைவில் ஏற்றிவிட்டால் போனில் அழித்துவிடு” என்று சொன்ன மகானும் நான்தான். இத்தனைக்கும் வகுப்பில் 3-2-1 விதி நடத்துபவன். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் தம் புகைப்படங்களைக் காப்பாற்ற வகுத்தது என்று அவர் பெயரோடு சொல்லிக்கொடுப்பேன். தேர்வில் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன்.

துறைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. மாணவிக்கு அந்த டிரைவில் சேர்க்க மட்டுமே உரிமை, அழிக்க முடியாது. “அப்படியானால் ப்ராஜெக்ட் உதவியாளரா?” என்றார் துறைத்தலைவர். “அவருக்கும் அழிக்கும் உரிமை இருக்கிறது” என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அடுத்த ப்ராஜெக்டுக்கு அந்த உதவியாளரை எடுக்கவில்லை. எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்த அறையில் நானும் ஒரு நாற்காலியில் இருந்தேன்.

இதைவிட மோசமானது பிறகு வந்தது. ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து வந்த இளைஞர் கியோட்டோ பல்கலைக்கழகக் கதையில் தொடங்கினார். 2021 டிசம்பரில் பேக்கப் நிரலில் செய்த ஒரு மாற்றம், அங்குள்ள சூப்பர்கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைட்டைத் துடைத்துவிட்டது. 14 ஆய்வுக் குழுக்களின் சுமார் 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள். நிரலை மாற்றிய ஹியூலெட் பேக்கார்ட் என்டர்பிரைஸ் நிறுவனத்தின் ஜப்பான் கிளை, பொறுப்பு 100 சதவீதம் தன்னுடையதே என்று எழுதிக் கொடுத்தது, பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. எல்லோரும் ‘த்சொ த்சொ’ என்றோம்.

பிறகு எங்கள் டிரைவ் கதைக்கு வந்தார். “30 நாள் முடிஞ்சு குப்பைத் தொட்டியிலேர்ந்து போனாலும் கவலைப்படாதீங்க சார். அதுக்கப்புறம் 25 நாள் அட்மின் நினைச்சா திரும்பக் கொண்டுவரலாம். ஒரு மெயில் போடுங்க, போதும்.” நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்னும் சில நாள் மிச்சம் இருந்தது.

அந்த நாட்களில் நான் மெயில் போடவில்லை. ஃபோல்டர் திரும்பினால், அழித்தது யார் என்று தேடுவார்கள். கூட்டத்தில் நான் சொன்னதும் மாணவிக்கு எழுதியதும் கூடவே திரும்பி வரும். பெரியவரின் வீடியோவைவிட என் பெயர் எனக்குப் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு நாளும் மெயிலைத் திறந்து, ‘அன்புடையீர்’ என்று அடித்து, மூடினேன். நாள் தீர்ந்ததும் நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன், நிம்மதிதான்.

அதே பயிற்சியில் ஒருவர் கேட்டார், யார் எதை அழித்தார்கள் என்ற லாக் எத்தனை நாள் இருக்கும் என்று. “ஆறு மாசம் சார்.” அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறு மாதம் கழிந்த பிறகு துறைத்தலைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். மாணவியிடமும் சொன்னேன். அதற்குள் அவள் மீதியிருந்த பேட்டிகளை வைத்து ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். பெரியவர் வீட்டுக்கு மறுபடி போயிருக்கிறாள், தறியைப் பிரித்துவிட்டார்களாம், குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்களாம். “அப்பவே சொல்லியிருக்கலாமே சார்” என்றாள், அவ்வளவுதான். உதவியாளருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன், 25 நாள் விவகாரத்தை அதில் சேர்க்கவில்லை. பதில் வரவில்லை.

அடுத்த துறைக் கூட்டத்தில் தலைவர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். “ஆதாரமே இல்லாதபோது தானாக வந்து ஒப்புக்கொள்ள எவ்வளவு நேர்மை வேண்டும்!” என்றார். கைதட்டினார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். லாக் எத்தனை மாதம் இருக்கும் என்பது அந்தப் பயிற்சிக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.