நான் சொன்ன தேதிகள்

ஒரு சிறிய தமிழ்ப் பதிப்பகத்தில் கைப்பிரதிகளுக்கு நான்தான் பொறுப்பு. எழுத்தாளர் நம்பி ஒப்படைக்கும் தாள்கட்டு புத்தகமாகி அவர் கைக்குத் திரும்பும்வரை நடப்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். எந்த வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பல ஆண்டுகள் எழுத்தாளர்களிடம் பொய்த் தேதி சொல்லிவந்தேன். அப்படிச் சொன்ன ஒரு தேதியைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெரியவரின் புத்தகத்தைப் பிழையோடு அச்சுக்கு அனுப்பினேன். கேள்வி வந்தபோது பழியை உடன் வேலை செய்த ஒருவர்மேல் போட்டேன். மூன்றும் நான் செய்தவை.

“புத்தகம் எப்போ சார் வரும்?” என்று கேட்காத எழுத்தாளர் இல்லை. என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது: “புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்.” 1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கிறது. தமிழ்ப் பதிப்புலகின் ஆண்டுக் கணக்கே அதை வைத்துத்தான் ஓடுகிறது. எங்களைப் போன்ற சிறிய பதிப்பகங்களுக்கு அந்த நாட்களின் விற்பனைதான் அடுத்த பல மாதங்களுக்கு மூச்சு. அதனால் மார்ச்சில் பிரதி தந்தவருக்கும் ஜனவரி, செப்டம்பரில் தந்தவருக்கும் அதே ஜனவரி. செப்டம்பரில் வந்த பிரதி ஜனவரிக்குள் ஒழுங்காகப் புத்தகமாகாது என்று தெரிந்தும் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் வேறு பதிப்பகத்துக்குப் போய்விடுவார் என்ற பயம் ஒரு காரணம். எதிரில் ஆவலோடு உட்கார்ந்திருப்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கத் துணிவில்லாதது இன்னொன்று. அந்தக் கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் வாய்வார்த்தையை நம்பி அவர்கள் அரங்கு பிடித்தார்கள், அழைப்பிதழ் அடித்தார்கள், வெளியூர்ச் சொந்தங்களுக்கு ரயிலில் முன்பதிவு செய்தார்கள். புத்தகம் வராத வெளியீட்டு விழாவில் மேடையில் காட்டுவதற்காக அட்டையை மட்டும் அச்சடித்து வேறொரு புத்தகத்தின்மேல் சுற்றிக் கொடுத்ததும் உண்டு. அதற்கும் நான் உடந்தை.

ஒரு புத்தகம் உருவாக உண்மையில் என்ன பிடிக்கும் என்பதை இப்போதாவது மறைக்காமல் சொல்ல வேண்டும். இருநூறு, இருநூற்றைம்பது பக்கத்துக்கு ஒரு கட்டுரை நூல் என்று வைத்துக்கொள்வோம்.

பிரதியை முழுதாகப் படித்து, போடலாமா என்று முடிவெடுக்கவே ஓரிரு மாதம் ஆகும். அதன்பின் செம்மையாக்கம். ஒரு நாளில் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு மேல் கருத்தூன்றிப் பார்க்க முடியாது. அதற்கு மேல் போனால் கண்தான் ஓடும், மனம் ஓடாது. ஆண்டு சரியா, ஊர்ப்பெயர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்கிறதா, மூன்றாம் இயலில் சொன்னது ஏழாம் இயலில் மாறுகிறதா என்று பார்த்து, ஐயங்களைப் பட்டியலிட்டு எழுத்தாளருக்கு அனுப்ப வேண்டும். அவர் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பதில் எழுத வேண்டும். இந்தப் போக்குவரத்துக்கு இரண்டு மூன்று மாதம்.

பிரதி கையெழுத்தில் இருந்தால் தட்டச்சு ஒரு தனி வேலை. பழைய எழுத்துருவில் அடித்த கோப்பாக இருந்தால் ஒருங்குறிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதறும். கொம்பு இடம் மாறும், காலும் ரகரமும் குழம்பும், ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்கும். இவற்றை எந்த மென்பொருளும் முழுதாகப் பிடிப்பதில்லை. ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

பிறகு பக்க வடிவமைப்பு, முதல் மெய்ப்பு, திருத்தம், இரண்டாம் மெய்ப்பு, மறுபடி திருத்தம். புரூஃப் பார்ப்பதை எழுத்துப்பிழை பொறுக்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டாம் மெய்ப்பின் முதல் வேலை, முதல் மெய்ப்பில் குறித்த திருத்தங்கள் உண்மையாகவே ஏறியிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவது. ஒரு வரியைத் திருத்தப் போய்ப் பக்கத்து வரி கெடுவது சாதாரணம். பக்க எண்கள் உறுதியான பிறகுதான் பெயரடைவு தயாரிக்க முடியும். அதற்குப் பின் யாராவது ஒரு பத்தியைச் சேர்த்தால் அடைவு முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

அட்டையும் அப்படித்தான். முன்பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் வரையலாம். ஆனால் புத்தக முதுகின் அகலம், மொத்தப் பக்கத்தையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. அறுபது ஜி.எஸ்.எம். தாளா, எழுபது ஜி.எஸ்.எம். மேப்லித்தோவா என்பதிலேயே அது மாறிவிடும். பக்கம் முடிவாகாமல் அட்டை முடிவாகாது. ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்தியக் கல்வி அமைச்சகத்தின்கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகவே தருகிறது. ஆனால் கடைசி நாளில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க முடியாது. பழைய படங்களுக்கு உரிமையாளரின் அனுமதிக் கடிதம் வாங்குவதும் இந்தக் காலத்தில்தான் நடக்க வேண்டும்.

அச்சகத்துக்குப் போன பிறகு வேலை வேகமாக நடக்கும். பதினாறு பக்கம் ஒரு பாரம் என்று பிளேட் போட்டு, அடித்து, மடித்து, வரிசையாகச் சேர்த்து, பைண்டிங் செய்து, மூன்று பக்கமும் வெட்டினால் புத்தகம். சாதாரண மாதங்களில் இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற வேலை. டிசம்பரில் காலண்டரும் டைரியும் புத்தகக் காட்சி நூல்களும் ஒன்றாக வந்து குவியும். பசை காயக்கூட நேரம் விடாமல் வெட்டி அனுப்புவார்கள். காட்சியில் வாங்கிய புத்தகம் வீட்டில் பிரித்ததும் தாள் தாளாகக் கழன்று வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கூட்டிப் பார்த்தால் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம். இதை மூன்று மாதம் என்று நான் சொன்னபோது நாள்காட்டி மாறவில்லை. செம்மையாக்கமும் மெய்ப்பும்தான் சுருங்கின. இயந்திரம் ஓடும் நேரத்தைக் குறைக்க முடியாது என்பதால் மனிதர் படிக்கும் நேரத்தைக் குறைத்தேன்.

அந்தப் பெரியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தன் வட்டாரத்து ஏரிகளைப் பற்றி எழுதியிருந்தார். ஒவ்வொரு ஏரிக்கும் நடந்துபோய் மதகையும் கலிங்கையும் குமிழித்தூம்பையும் பார்த்து, பழைய வருவாய்ப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு எழுதியது. நூலின் உயிர் அதன் பின்னிணைப்பு அட்டவணைதான். ஏரியின் பெயர், நீர்ப்பரப்பு, ஆயக்கட்டு. நீர்ப்பரப்பு ஹெக்டேரில், ஆயக்கட்டு ஏக்கரில். அவர் பிரதி தந்தபோது ஆடி முடிந்திருந்தது. நான் வழக்கம்போல் ஜனவரி என்றேன்.

முதல் மெய்ப்பில் அந்த அட்டவணையின் தலைப்புகளில் ஹெக்டேரும் ஏக்கரும் இடம் மாறியிருந்தன. அவர் சிவப்பு மையில் இரண்டையும் வட்டமிட்டு அம்புக்குறி போட்டு, ஓரத்தில் நுணுக்கமான எழுத்தில் எழுதியிருந்தார்: “இது மாறினால் ஏரியே மாறிவிடும்.” கீழே நாலைந்து ஏரிப் பெயர்களில் லகர ளகரம் திருத்தி, இரண்டு எண்களையும் மாற்றியிருந்தார். தாள்கள் பதிவுத் தபாலில் வந்தன. வடிவமைப்பாளர் எல்லாவற்றையும் ஏற்றிப் புதிய கோப்பாக என் கணினியில் போட்டுவைத்தார். இரண்டாம் மெய்ப்பை எடுத்து நான் ஒப்பிட்டிருக்க வேண்டும், பெரியவருக்கும் அனுப்பியிருக்க வேண்டும். செய்யவில்லை. அன்று மாலை அச்சகத்திலிருந்து, இன்றிரவு பிளேட்டுக்குக் கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் பொங்கலுக்குப் பிறகுதான் என்றார்கள். கோப்பைத் திறந்து ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் அனுப்பினேன். நான் அனுப்பியது பழைய கோப்பு.

புத்தகம் காட்சிக்கு வந்துவிட்டது. தேதியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தபோது அவர் தொலைபேசியில் அழைத்தார். கோபப்படவில்லை. “தம்பி, நான் அனுப்பின திருத்தமெல்லாம் எங்கே போச்சு?” என்று மட்டும் கேட்டார். “லே-அவுட்ல விட்டுப்போச்சுங்க ஐயா” என்றேன். ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னேன். மறுநாள் வடிவமைப்பாளர் தன் கோப்பைத் திறந்து, திருத்தங்கள் ஏறியிருப்பதையும் சேமித்த தேதியையும் என்னிடம் காட்டினார். “இதைப் பெரிசு பண்ண வேண்டாம்மா” என்றேன். அவர் பெரிதாக்கவில்லை. அந்த எழுத்தாளரின் மனத்தில் கவனமற்றவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. செய்தவன் நான்.

ஒரு ஹெக்டேர் ஏறத்தாழ 2.47 ஏக்கர். நாற்பது ஹெக்டேர் ஏரியை நாற்பது ஏக்கர் என்று அச்சிட்டால் பாதிக்கும் மேலான ஏரி காணாமல் போகிறது. ஆக்கிரமிப்பு வந்து ஊர்க்காரர்கள் பழைய அளவு எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடும்போது கைக்குக் கிடைக்கக்கூடிய புத்தகம் அது. விற்காமல் மீந்த படிகளில் பிழைதிருத்தத் தாளை ஒட்டினோம். விற்றுப் போனவற்றை என்ன செய்ய முடியும்? 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான முப்பது நாளுக்குள் ஒவ்வொரு நூலின் படியையும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் அனுப்ப வேண்டும். சட்டத்தைச் சரியாகக் கடைப்பிடித்துப் பிழையான படியை அனுப்பிவைத்தேன். எதிர்காலத்தில் ஓர் ஆய்வாளர் தேடிப்போய் எடுக்கப்போவது அந்தப் படியைத்தான்.

மேடைகளில் உ.வே.சாமிநாதையரைப் பற்றி உருகிப் பேசியவன் நான். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சிந்தாமணி படித்ததுண்டா என்று அவரைக் கேட்டார். அந்த நூல் அச்சாகி வெளிவந்தது 1887-இல். நடுவில் ஏடு தேடி, பாடம் ஒப்பிட்டு, கல்லூரி வேலையையும் விடாமல், அச்சுத்தாள்களைத் தாமே பார்த்துத் திருத்தினார். அந்தப் பொறுமைக்குக் கைதட்டு வாங்கிக்கொண்டு அலுவலகம் திரும்பி, ஒரு பெரியவரின் நான்கு பக்க அட்டவணையைத் திறந்துபார்க்க எனக்குப் பொறுமை இல்லாமல் போனது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழியும் எனக்கு இல்லை.

நெடுநாள் கழித்து அவர் ஊருக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை, நானும் அதை எதிர்பார்க்க உரிமை இல்லாதவன். “அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசணும் தம்பி, நம்பர் கொடுங்க” என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்த அடுத்த நூலை எங்களிடம் தரவில்லை. அது நியாயம். வடிவமைப்பாளரிடம் அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போதே மன்னிப்புக் கேட்டேன். தனியாகக் கேட்டிருந்தால் அவர்மேல் விழுந்த பழி அப்படியே இருந்திருக்கும்.

இப்போது ஒரு பிரதியை ஏற்கும் நாளிலேயே, படிப்பது முதல் பைண்டிங் வரை எந்தக் கட்டம் எந்த மாதத்தில் முடியும், எந்தக் கட்டத்தில் எழுத்தாளரின் பார்வைக்கு வரும் என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறேன். தாமதமானால் காரணத்தோடு நானே முதலில் தெரிவிக்கிறேன். எழுத்தாளர் பார்த்து ஒப்பமிட்ட கடைசி மெய்ப்பு இல்லாமல் எந்தக் கோப்பும் அச்சகத்துக்குப் போவதில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனவர்களும் இருக்கிறார்கள். போகட்டும். உண்மை தெரிந்து எடுத்த முடிவு அவர்களுடையது. முன்பு அந்த முடிவை எடுக்கவே நான் அவர்களை விட்டதில்லை.

முதல் புத்தகத்தோடு பதிப்பாளரைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். “எப்போ வரும்?” என்பதோடு நிறுத்தாதீர்கள். யார் செம்மைப்படுத்துவார், எத்தனை மெய்ப்பு எடுப்பீர்கள், கடைசி மெய்ப்பு என் கைக்கு வருமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் தேதி மட்டும் சொல்கிறவரை நம்பாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஏரி நூலின் திருத்திய பதிப்புக்கான வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அட்டவணை பெரியவரிடம் இருக்கிறது. அவர் பார்த்துத் திருப்பி அனுப்பும்வரை அந்தப் புத்தகத்துக்குத் தேதி கிடையாது.