அண்ணாச்சி கடை ஜெனரேட்டரும் நீலப் புகையும்

2012-ஆம் வருடத்தைத் தமிழ்நாட்டில் யாரும் அவ்வளவு சீக்கிரம் மறக்க மாட்டார்கள். சென்னையில் இரண்டு மணி நேர மின்வெட்டு. சென்னையைத் தாண்டினால் பல ஊர்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல்! கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி அந்த வருடம்தான் பழைய ஜெனரேட்டர் ஒன்றை வாங்கிப் போட்டார். 2 கே.வி.ஏ., கயிறு இழுத்துக் கிளப்புவது. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். (மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.)

மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் ஆரம்பித்தது புகை. கடை வாசலில் நிற்கும் காலேஜ் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போக ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்த மெக்கானிக் சைலன்சரைப் பார்த்ததுமே தீர்ப்பு சொல்லிவிட்டார். "ரிங் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. போர் பண்ணி புது பிஸ்டன் போடணும்." கேட்ட தொகை, ஜெனரேட்டர் வாங்கிய விலையில் பாதி. பி.காம். வகுப்பில் இதை மூலதனச் செலவா, வருவாய்ச் செலவா என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். அண்ணாச்சிக்கு அது வயிற்றெரிச்சல் செலவு.

புகைக்கு நிறம் உண்டு. கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு: சோக்கைத் திறக்க மறந்திருப்பார்கள், இல்லை ஏர் ஃபில்டரில் அழுக்கு அடைத்திருக்கும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு வந்தால் எரியாத எண்ணெய் அப்படியே வெளியே வருகிறது. அண்ணாச்சியின் ஜெனரேட்டர் காலையில் வெள்ளை, சூடானதும் நீலம்!

மனசு கேட்காமல் அண்ணாச்சி இன்னொருவரைக் கூட்டி வந்தார். பழைய பஸ் டிரைவர், ஓய்வுக்குப் பிறகு பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பவர். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

"அண்ணாச்சி, ஆயில் எப்ப ஊத்துனீங்க?"

"ஊத்தவே இல்லியே."

"ஊத்தாமயே மட்டம் ஏறிக் கெடக்கு பாத்தீங்களா?"

விஷயம் இவ்வளவுதான். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் எரிந்து குறைய வேண்டும். இங்கே கூடியிருந்தது. கடையை மூடும்போது பையன் மண்ணெண்ணெய் ஓடும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு, காக்கையும் மூடாமல் போயிருக்கிறான். கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக அடைக்காததால் ராத்திரி முழுக்க மண்ணெண்ணெய் கசிந்து, சிலிண்டர் வழியாகக் கீழே ஆயிலில் கலந்துவிட்டது. நீர்த்துப்போன ஆயில் ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங்கும் போயிருக்கும்.

பழைய ஆயிலை வடித்து, புதிதாக அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட ஊற்றி, மிதவை ஊசியை மாற்றினார். பையனுக்கு ஒரு பாடம்: அணைப்பதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட விடணும், அப்புறம் காக்கை மூடணும். புகை நின்றது!

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் புகைதான் இல்லையே, தெருவில் வைத்தால் திருட்டுப் பயம் வேறு என்று அண்ணாச்சி ஜெனரேட்டரைக் கடையின் பின்னறைக்குள் தள்ளிவிட்டார். ஜன்னலைத் திறந்துதான் வைத்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் அவருக்கும் பையனுக்கும் தலைவலி. பையன் வாந்தி எடுத்தான். மத்தியானம் சாப்பிட்ட புரோட்டா மேல் பழியைப் போட்டார்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. எவ்வளவு சுத்தமாக ஓடும் பெட்ரோல் இன்ஜினிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். அறைக்கு ஒரு ஜன்னல் எல்லாம் போதவே போதாது. நீலப் புகை இருந்தவரை அதுவே அவர்களை வெளியே விரட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நல்லவேளை, பாக்கிக் காசு வாங்க அன்றைக்கு டிரைவர் வந்தார். சத்தம் பின்னறையிலிருந்து வருவதைக் கேட்டதும் உள்ளே ஓடி சுவிட்சை அணைத்தார். பையனைத் தெருவுக்கு இழுத்து வந்து உட்காரவைத்தார். "பொகை இருந்தப்ப வெளிய வச்சிருந்தீரு. இப்ப உள்ள வச்சிட்டீரே!" 'நீங்க' எல்லாம் பறந்துவிட்டது. ஆட்டோ பிடித்து இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ராத்திரி வரை ஆக்சிஜன் வைத்தார்கள்.

அடுத்த வாரம் ஜெனரேட்டர் வாசலிலிருந்து இருபது அடி தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரக் கூரைக்கு அடியில், சைலன்சர் தெருவைப் பார்க்க நின்றது. திருட்டுக்கு? கரண்டே வராத கரண்டுக் கம்பத்தோடு சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார் அண்ணாச்சி.