வண்டியை ராத்திரி விட்டுட்டுப் போங்க

மார்கழி பிறந்து ஒரு வாரம் இருக்கும். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி உடனே பிடித்துக்கொள்ளும். தெருமுனையில் திரும்பி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒரு குலுக்கல், அப்படியே நின்றுவிடும். மறுபடி எடுத்தால் மறுபடியும் அதே கதை. கொஞ்ச நேரம் எப்படியாவது ஓட்டிவிட்டால் அன்று முழுக்க ஒரு தொல்லையும் கிடையாது. 2004-ஆம் வருஷத்து மாருதி 800 அது.

முதலில் காட்டிய இடத்தில் பிளக் மாற்றினார்கள். அடுத்து பேட்டரி, அதற்கடுத்து பெட்ரோல் பம்ப். நான் கொண்டுபோவது காலை பத்து மணிக்கு. அதற்குள் ஊரைச் சுற்றிச் சூடேறிய எஞ்சின் அவர்கள் முன்னால் சமர்த்தாக ஓடும்.

புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஒரு சந்துக்குள் தகரக்கூரை ஷெட் வைத்திருக்கும் மேஸ்திரியிடம் ஒரு நண்பர் அனுப்பினார். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். ஐ.டி.ஐ. முடித்த ஒரு தம்பி கூட வேலை செய்கிறான். பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, ஒரே கேள்விதான் கேட்டார்.

"எத்தனை மணிக்கு சார் நிக்குது?"

"ஆறு, ஆறரைக்கு."

"அப்ப இப்பப் பாத்து என்ன பிரயோஜனம்? வண்டியை ராத்திரி விட்டுட்டுப் போங்க. காலையில அஞ்சரைக்கு வாங்க. டேய் தம்பி, நான் வர்ற வரைக்கும் யாரும் சாவி போடக் கூடாது."

இவரிடம் இன்னும் நாலு நாள் வரலாம் என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் போனபோது இருட்டு விலகவில்லை. எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. புதுச்சேரிக் குளிர் 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் 80, 90 டிகிரியில் ஓடிப் பழகிய எஞ்சினுக்கு அதுவும் குளிர்தான். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரியாது, ஆவியானால்தான் எரியும். இரும்பு குளிர்ந்திருந்தால் உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பங்கு சுவரிலேயே படிந்துவிடும். ஆயிலும் கெட்டியாக இருப்பதால் சுழலுவதே பாரம். அதனால் முதல் சில நிமிஷங்களுக்கு எஞ்சினுக்குப் பெட்ரோலும் அதிகம் வேண்டும், காற்றும் அதிகம் வேண்டும்.

முன்பெல்லாம் இதை ஓட்டுபவரின் கை பார்த்துக்கொண்டது. ஷெட்டின் மூலையில் ஒரு பிரீமியர் பத்மினி நின்றிருந்தது. அதன் சோக்கை இழுத்துவிட்டால் பெட்ரோல் தூக்கலாகப் போகும். என் வண்டி போன்ற எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் சோக்குக் குமிழ் கிடையாது. தண்ணீரின் சூட்டை ஒரு சென்சார் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். ஐடிலிங்குக்கு வேண்டிய காற்றை ஒரு சின்ன வால்வு திறந்துவிடும்.

மேஸ்திரி புறங்கையை எஞ்சின் மேல் வைத்தார். "சில்லுனு இருக்கு. போடுங்க."

போட்டேன். அரை நிமிஷத்தில் சத்தம் அமுங்கத் தொடங்கியது. நிற்கப் போகிற அந்த நொடியில் ஆக்சிலேட்டர் கேபிளை இரண்டு விரலால் மயிரிழை இழுத்தார். எஞ்சின் சுதாரித்துக்கொண்டது. விட்டார், அமுங்கியது. மூன்று தரம் இதையே செய்தார்.

"பெட்ரோல் வருது, கரண்ட் வருது. காத்துதான் பத்தல."

தம்பி ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான். பிழை எதுவும் பதிவாகவில்லை. மேஸ்திரி சென்சாரையும் சந்தேகத்திலிருந்து விடுவிக்க நினைத்தார். கழற்றினால், கடற்கரை ஊருக்கே உரிய பச்சைக் களிம்பு பின்களில். அதைச் சுரண்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் முக்கி மீட்டர் வைத்தான் தம்பி: இரண்டரை கிலோ ஓமுக்குச் சற்றுக் குறைவு. எதிர் டீக்கடையிலிருந்து கொதிநீர் வந்தது. எண் மளமளவென்று இறங்கி முந்நூறுக்குப் பக்கத்தில் நின்றது. சென்சார் நல்லபடி இருந்தது.

பிறகு திராட்டில் பாடியை இறக்கினார்கள். காற்று போகும் ஓட்டையில் மை அப்பியதுபோல் கரி. வால்வின் முனை அதில் ஒட்டிக்கொண்டு முழுசாகத் திறக்கவில்லை. சூடான எஞ்சினுக்கு அந்தக் கொஞ்சக் காற்றே போதும். குளிர்ந்திருக்கும்போது போதாது. பழைய டூத் பிரஷும் கிளீனர் ஸ்பிரேயுமாக அரை மணி நேரம் தேய்த்தான் தம்பி. துணி கறுத்தது, அலுமினியம் வெளுத்தது.

மேஸ்திரி அதோடு விடவில்லை. "தம்பி, தர்மோஸ்டாட் கூட்டைத் திற."

உள்ளே ஒன்றுமில்லை. எப்போதோ யாரோ தர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். 80 டிகிரி தாண்டும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் அது தடுக்க வேண்டும். தடுப்பு இல்லாததால் எடுத்த நிமிஷத்திலிருந்தே தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, எஞ்சின் சூடேறவே நேரம் பிடித்தது. கோடையில் எஞ்சின் கொதித்துவிடுமோ என்று பயந்து நம் பக்கத்தில் பல மெக்கானிக்குகள் செய்கிற வேலை இது. மேஸ்திரியின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "வெயிலுக்குப் பயந்து எடுத்துடறாங்க சார். அடைப்பு இருந்தா ரேடியேட்டரைப் பாக்கணும். இதைப் பிடுங்கினா எப்படி?"

புது வால்வும் கேஸ்கட்டும் போட்டார். சாமான் காசை மட்டும் வாங்கிக்கொண்டார். கூலியைப் பற்றிப் பேசியதற்கு, "இன்னொரு ராத்திரி நிக்கட்டும்" என்றார்.

மறுநாள் அதே ஐந்தரை மணி. முதல் நாளைவிடப் பனி கூடுதல், கண்ணாடியெல்லாம் நீர்த்துளி. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உரக்கப் பிடித்து, மெல்ல மெல்ல இறங்கி, சீராக ஓடியது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"இறங்கி வந்து இந்த மேல் ஹோஸைப் பிடிங்க."

பிடித்தேன், ஜில்லென்றிருந்தது. தம்பி டீ வாங்கி வந்தான். ஒரு கையில் கிளாஸும் மறு கையில் ஹோஸுமாக மூன்று பேரும் பேசாமல் நின்றிருந்தோம். டீ பாதி குறைந்தபோது உள்ளங்கைக்குள் ரப்பர் வெதுவெதுத்தது. சட்டென்று சூடு ஏற, கையை எடுத்துக்கொண்டேன். மேஸ்திரி அப்போதுதான் பானெட்டை இறக்கினார்.