கவலைக்குத் தொலைவான ஊர்

சியாம் என்று நம் முன்னோர் வழங்கிய தாய்லாந்து நாட்டிலே, தலைநகராகிய பாங்கொக்குக்குத் தெற்கே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தொலைவில் ஹுவா ஹின் என்னும் கடற்கரைப் பட்டினம் அமைந்துள்ளது. தாய் மொழியில் 'ஹுவா' என்பது தலை. 'ஹின்' என்பது கல். கரையோரத்துப் பாறைகளால் வந்த பெயர் அது. சென்ற ஆண்டு சித்திரையில், வெயில் உச்சத்தில் நின்ற வேளையில், நாம் அங்கே நான்கு நாட்கள் தங்கினோம். "கோடையிலே கோடையைத் தேடிப் போவாரும் உண்டோ?" என்று உறவினர் நகைத்தனர். நமக்கோ போவதற்குக் காரணம் ஒன்று இருந்தது.

முந்திய ஆவணியிலே எமது தந்தையார் காலமானார். ஆட்டைத் திவசம் முடியும்வரை வீட்டில் வருடப்பிறப்புக் கொண்டாட்டம் இல்லை. ஆண்டுதோறும் அந்நாளில் எல்லோர் தலையிலும் மருத்துநீர் வைத்து, கைவிசேடம் கொடுப்பவர் அவரே. அந்த நாளில் அன்னையார் வெறும் முற்றத்தைப் பார்த்தபடி அமர்ந்திருப்பதை எண்ணவும் மனம் பொறுக்கவில்லை. ஆகவே அவரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

பாங்கொக்கிலிருந்து புகையிரதத்திற் சென்றோம். வருடப்பிறப்பை முன்னிட்டு ஊர் திரும்பும் மக்களால் வண்டி நிரம்பி வழிந்தது. அக்காலத்தில் செல்ல விரும்புவோர் முன்னதாகவே ஆசனம் பதிவு செய்துகொள்வது நன்று. பெச்சபுரி என்னும் ஊரை அண்மியதும், வயல்களின் நடுவே பனைமரங்கள் வரிசையாகத் தோன்றின. அவ்வூர் பனஞ்சீனிக்குப் பேர்போனது. அதுவரை வாய் திறவாதிருந்த அன்னையார், "இஞ்சையும் பனை நிக்குது" என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுவே.

1911ஆம் ஆண்டில் இருப்புப்பாதை வந்து சேருமுன் ஹுவா ஹின் மீனவர் வாழும் சிற்றூராகவே இருந்தது. பின்னர் அரச குடும்பத்தினர் கோடையைக் கழிக்க இங்கே மாளிகைகள் எழுப்பினர். 2023ஆம் ஆண்டு முதல் வண்டிகள் உயரத்தில் அமைத்த புதிய நிலையத்திலே நிற்கின்றன. எனினும், செந்நிறமும் வெண்மஞ்சளும் பூசிய பழைய மர நிலையத்தை அருகிலேயே பேணி வைத்திருக்கிறார்கள்.

ஊருக்கு வடக்கே மிருகதாயவன் அரண்மனை இருக்கிறது. ஆறாம் இராமர் எனப்பெறும் வஜிராவுத மன்னருக்காக 1920களிலே தேக்கு மரத்தாற் கட்டப்பட்டது. கடற்காற்று அடியிலும் புகுந்து செல்லுமாறு தூண்களின்மேல் உயர்த்தி அமைத்துள்ளனர். எறும்பு ஏறாதிருக்கத் தூண்களின் அடியிலே நீர் நிற்கும் பள்ளங்கள் வைத்துள்ளனர். இத்தனை கருத்தோடு கட்டிய மாளிகையில் மன்னர் 1924, 1925 ஆகிய இரு கோடைகள் மட்டுமே தங்கினார். 1925 நவம்பரில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் வந்த பிரஜாதிபோக் மன்னர் ஹுவா ஹின் கடலோரத்திலே வேறோர் அரண்மனை கட்டுவித்தார். அதன் பெயர் 'கிளாய் கங்வொன்'. 'கவலைக்குத் தொலைவு' என்பது பொருள். 1932 ஜூன் 24ஆம் நாள், தலைநகரில் புரட்சிக் குழுவினர் முடியாட்சியின் முழு அதிகாரத்தையும் முடிவுக்குக் கொண்டுவந்தபோது, மன்னர் இம்மாளிகையிலேதான் இருந்தார். செய்தி இங்கேதான் அவரைத் தேடி வந்தது. அவர் புகையிரதத்தில் தலைநகர் திரும்பி, அரசியலமைப்புக்கு உட்பட்ட மன்னராக இருக்க இசைந்தார்; 1935இல் முடி துறந்தார்; 1941இல் இங்கிலாந்திலே காலமானார்.

மதிலோரமாக நடந்தபடி இக்கதையை அன்னையாருக்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "பேர் வைச்சாப்போலை காணுமே, தம்பி?" என்றார். நமக்கு மறுமொழி வரவில்லை. அவரை ஊரைவிட்டு அழைத்து வந்த நோக்கத்தை அவர் அறிந்தே இருந்தார்.

பகல் பதினொரு மணிக்குமேல் வெளியே தலை காட்ட இயலாது. மணல் காலைச் சுடும். நாலு மணிக்குப் பிறகே கடற்கரை உயிர் பெறும். நண்பகலில் உண்பதற்கு 'காவ் சே' என்றோர் உணவு உண்டு. மல்லிகை மணம் ஏற்றிய குளிர்ந்த நீரிலே சோற்றை இட்டு, பொரித்த இறால்கூட்டு உருண்டையும் இனிப்பு முள்ளங்கியும் தொட்டுக்கொள்ளக் கொடுப்பர். மொன் இனத்தாரிடமிருந்து வந்த கோடைகால உணவு இது. அன்னையார் முள்ளங்கியை மட்டும் தொட்டுக்கொண்டு, பழஞ்சோறு உண்பதுபோல விரும்பி உண்டார்.

ஏப்ரல் 13 முதல் 15 வரை அந்நாட்டில் 'சொங்கிரான்' விழா. நமது சங்கிராந்தி என்னும் சொல்லே அது. சூரியன் மேட இராசியிற் புகும் காலமே அவர்களுக்கும் ஆண்டுப் பிறப்பு. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகச் சேர்த்தது. வீதியெங்கும் இளைஞர் வாளியும் நீர்த்துப்பாக்கியுமாக நின்று வருவோர் போவோரை நனைத்தனர். ஓடி வந்த நாளே எமக்கு முன்னால் வந்து நின்றது!

விழாவின் இரண்டாம் நாட் காலை, நாம் தங்கியிருந்த சிறு விடுதியின் உரிமையாளர் வீட்டார் புத்தர் சிலைக்கு நறுநீர் வார்த்தனர். அதன்பின் இளையோர் மூத்தோரின் கைகளிலே நீர் வார்த்து ஆசி பெற்றனர். அவ்வீட்டுச் சிறுமி ஒருத்தி, பத்து வயதிருக்கும், கிண்ணத்தோடு அன்னையாரின் முன் வந்து முழந்தாளிட்டாள். அன்னையார் சட்டென்று கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். தந்தையார் மறைந்தபின் மங்கல காரியம் எதிலும் அவர் முன்னே நின்றதில்லை. சிறுமிக்கு அது எப்படித் தெரியும்? அவள் எழுந்திராமல், தலை குனிந்தபடியே காத்திருந்தாள்.

நெடுநேரத்தின் பின் அன்னையார் இரு கைகளையும் நீட்டினார். மல்லிகை மிதந்த நீர் விரல்களின் வழியே வழிந்தது. ஈரக் கையை அவள் தலையிலே வைத்தவர், நம்மைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளைக்கு ஏதும் குடுக்க வேணும்" என்றார். நாம் எடுத்துக் கொடுத்த நூறு பாட் தாளைத் தம் கையாலேயே கைவிசேடமாக வழங்கினார்.

அன்றிரவு கணவாய் பிடிக்கும் படகுகளின் பச்சை விளக்குகள் கடலின் மேல் நெடுந்தூரம் தெரிந்தன. அவற்றைப் பார்த்தபடி அன்னையார் தந்தையாரைப் பற்றி வெகுநேரம் பேசினார்.

ஆட்டைத் திவசம் ஆவணியில் நிறைவேறியது. இவ்வாண்டு வருடப்பிறப்பன்று எம் தலையில் மருத்துநீர் வைத்தவர் அன்னையாரே.